வேற்றுமை உருபில் ஒரு நாடு

ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் பட்டியலில் அயர்லாந்து, எஸ்தோனியாவுக்கும் கிரேக்கத்துக்கும் நடுவே வரும். ஒவ்வொரு நாடும் சொந்த மொழியில் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறதோ, அந்தப் பெயர்களின் அகரவரிசை அது. ஐரிஷ் மொழியில் அயர்லாந்தின் பெயர் ‘ஏரெ’.

ஆனால் ஏரெ என்பது எழுவாய்க்கு மட்டுமே. ‘அயர்லாந்தின்’ என்னும்போது அது ‘ஏரன்’. ‘அயர்லாந்தில்’ என்னும்போது ‘ஏரின்’. மரம், ‘மரத்தில்’ என்று திரிவதுபோலத்தான். 1919-இல் டப்ளினில் கூடிய நாடாளுமன்றம் ‘டால் ஏரன்’. ஆங்கிலக் கவிதைகளில் நாட்டின் பெயராகவே உலவும் ‘எரின்’, இலக்கணப்படி தனித்து நிற்கத் தகாத அந்த மூன்றாவது வடிவம்!

இந்த இலக்கணம் அரசியலுக்குள்ளும் புகுந்தது. 1937 அரசியல் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, நாட்டின் பெயர் ஏரெ, ஆங்கிலத்தில் அயர்லாந்து என்றது. வடக்கைத் தன் வசம் வைத்திருந்த பிரிட்டனுக்கு, தீவு முழுவதையும் குறிக்கும் ‘அயர்லாந்து’ கசந்தது. அதனால் 1938-இல் தன் சட்டத்தில், ஆங்கில வாக்கியத்துக்குள்ளேயே, ‘ஏரெ’ என்று எழுதிக்கொண்டது. அதுவும் முதல் எழுத்தின் மேலுள்ள நெடில் குறியை விட்டுவிட்டு. குறி இல்லாவிட்டால் ஐரிஷில் அந்தச் சொல்லுக்குச் சுமை என்று பொருள். 1949-இல் பிரிட்டன் அதை ‘அயர்லாந்துக் குடியரசு’ என்று மாற்றிக்கொண்டது. வெறும் ‘அயர்லாந்து’ லண்டனின் வாயில் வர, 1998 பெல்ஃபாஸ்ட் உடன்படிக்கை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தது. மேலே பறக்கும் விமானிகளுக்கு இது எந்த மண் என்று தெரிய வேண்டுமே! கடலோர முனைகளில் கற்களை அடுக்கி, வெள்ளையடித்து, நாட்டின் பெயரைப் பிரம்மாண்டமாக எழுதிவைத்தார்கள். பக்கத்தில் காவல் சாவடியின் எண். வடகோடி மாலின் முனையின் எண் 80. போர் முடிந்தபின் பல எழுத்துகளைப் புதர் மூடியது. 2018 கோடையில் டப்ளினுக்குத் தெற்கே பிரே முனையில் காட்டுத்தீ புதரைப் பொசுக்க, மறந்துபோன எழுத்துகள் கரிந்த தரையில் மீண்டும் தெரிந்தன.

அயல்நாட்டுப் பெயர்களுக்கும் ஐரிஷ் மொழியில் பாடு உண்டு. பெரும்பாலானவற்றின் முன் ‘அன்’ என்ற சுட்டுச் சொல் வரும். வந்தால் பெயரின் முதல் ஒலியே சில சமயம் கரையும். பிரான்ஸின் பெயர் ‘ஃப்ராங்க்’, ஆனால் சொல்வது ‘அன் ராங்க்’. சீனா, ‘ஷீன்’, ‘அன் டீன்’ ஆகிவிடும். சாக்சன் இனத்தின் பெயரால் ‘சசன’ எனப்படும் இங்கிலாந்துக்குச் சுட்டே கிடையாது. ஸ்காட்லாந்துக்கும் ஏரெவுக்கும் உடைமைப் பொருளில் மட்டும் அது எட்டிப்பார்க்கும். இந்தியாவுக்குச் சுட்டு கட்டாயம். பக்கத்திலிருக்கும் இலங்கையோ வெறும் ‘ஸ்ரீ லங்கா’.