குடியால் வீட்டையும் இழந்தவர் மீள முடியுமா? சிகிச்சை, தங்குமிடம், துணை... முழு விவரம்

கருங்குழி, மதுராந்தகம் பக்கம் ஜிஎஸ்டி சாலையோரம் ஒருவர் விழுந்து கிடந்தால், 'குடிச்சிட்டு கிடக்குறாரு, விடு' என்று கடந்து போவதே வழக்கம். ஆனால் குடிக்கு அடிமையாவது ஒரு நோய். அதற்குச் சிகிச்சை உண்டு. சட்டப் பாதுகாப்பும் உண்டு.

பிரச்னை எவ்வளவு பெரியது?

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019-ல் வெளியானது. அதன்படி, நாட்டில் சுமார் 5.7 கோடி பேருக்கு மதுப் பிரச்னைக்காக உதவி தேவை. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. 2023 மே மாதம் சித்தாமூர், மரக்காணம் பகுதிகளில் மெத்தனால் கலந்த சாராயம் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது.

'நாளையிலிருந்து நிறுத்திடறேன்' என்றால் போதுமா?

போதாது. பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் கை நடுக்கம், குழப்பம், இல்லாததைப் பார்ப்பது போன்றவை தீவிரமாகி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். 'சாப்பாட்டில் கலந்து கொடுங்க, குடிப்பவருக்கே தெரியாது' என்று விற்கும் மருந்துகளை நம்ப வேண்டாம். மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் அவர் குடித்தால் விபரீதமாகிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனநல பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. இப்படிப் பாதிக்கப்பட்டு, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் தெருவில் திரிபவரைப் போலீசார் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது.

சிகிச்சை முடிந்த பிறகு எங்கே போவது?

சிக்கலே இங்கேதான். மருத்துவமனையிலிருந்து மறுபடி நடைமேடைக்கே திரும்பினால், பழைய கூட்டாளிகளும் பழைய பழக்கமும் காத்திருக்கும். தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் அளவுகோல், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் ஒரு விடுதி என்று இருந்தது. கருங்குழி போன்ற பேரூராட்சி இந்தக் கணக்கை எட்டாது. அதனால் பெரிய நகரங்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் தங்குவோர், அதன் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். வேலைக்கும் வங்கிக் கணக்குக்கும் அதுதான் முதல் படி.

ஊர் என்ன செய்ய முடியும்?

இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டுச் சிகிச்சை அளித்தது. குடும்பமும் ஊரும் கூடவே இருந்ததுதான் அதன் பலம். 1993-ல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, வீடற்ற மனநோயாளிகளைச் சிறு சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது என அன்றாட வாழ்க்கையே அங்கே மருந்தாகிறது.

குடியை விட்டவர்களே ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தாருக்கு 'அல்-அனான்' குழுக்கள் இருக்கின்றன.

மறுபடி குடித்துவிட்டால்?

'இவன் திருந்தவே மாட்டான்' என்று கைவிட வேண்டாம். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போல இதுவும் திரும்ப வரக்கூடியது. எவ்வளவு சீக்கிரம் மருத்துவரிடம் திரும்புகிறாரோ, அவ்வளவுக்கு நல்லது.

யாரை அழைக்கலாம்?

* போதை மீட்பு உதவி எண்: 14446
* டெலி-மானஸ் மனநல ஆலோசனை: 14416
* தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை: 104
* சாலையில் மயங்கிக் கிடந்தால் ஆம்புலன்ஸ்: 108