பொய் சொல்லத் தெரியாத காது

2011-இல் ஜப்பானைச் சேர்ந்த நியூரோவேர் என்ற குழு ஒரு ஜோடிப் பூனைக்காதுகளைச் செய்து காட்டியது. தலையில் மாட்டும் பட்டை, அதன்மேல் ரோமம் வைத்த இரண்டு காதுகள். ஒரு சென்சார் நெற்றியைத் தொடும். இன்னொன்று தோடு போடும் இடத்தில் கவ்விக்கொள்ளும். மாட்டியிருப்பவர் எதையாவது கூர்ந்து கவனித்தால் காதுகள் விறைத்து நிற்கும். மனம் தளர்ந்தால் மெல்லச் சாயும். பெயர் ‘நெகோமிமி’. ஜப்பானிய மொழியில் பூனைக்காது என்று அர்த்தம், அவ்வளவுதான். அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக ‘டைம்’ இதழ் இதைச் சேர்த்தது. 2012-இல் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ‘ஷிப்போ’ என்று ஒரு வாலையும் செய்து காட்டினார்கள்.

சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் ஜப்பானியர்களுக்கு இது திடீரென்று முளைத்த காது இல்லை. 1978-இல் ஒஷிமா யுமிகோ வரையத் தொடங்கிய மங்கா தொடரில் ஒரு பூனைக்குட்டி, காதும் வாலும் வைத்த சிறுமியாகவே வருகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பாத்திரங்கள். வாய் சொல்லாததைக் காது சொல்லும் என்பது அந்த வாசகர்களுக்குப் பழகிய மொழி. நமக்கும் இது அந்நியமில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம், வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறோம், குறும்புக்காரக் குழந்தையை ‘சரியான வாலு’ என்கிறோம். இல்லாத உறுப்பை மொழியில் ஒட்டவைத்துக்கொண்டவர்கள்தான் நாமும்.

அந்தக் காதை ஆட்டுகிற அறிவியலின் கதை இன்னும் விசித்திரமானது. 1890-களின் தொடக்கத்தில், ராணுவப் பயிற்சியில் இருந்த ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய இளைஞன் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினான். அன்று மாலையே வீட்டிலிருந்து தந்தி. அவனுக்கு ஏதோ ஆபத்து என்று சகோதரிக்குத் தோன்ற, அப்பா நலம் விசாரித்திருந்தார். தன் பயம் எப்படி அத்தனை தூரம் போய்ச் சேர்ந்தது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. யெனா நகரில் மனநல மருத்துவராகி, 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவுசெய்தார். 1929-இல்தான் அதை வெளியிட்டார். இன்று நாம் இ.இ.ஜி. என்று சொல்லும் சோதனையின் பிறப்பு அது. ஒரு மனதிலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் சக்தியைத் தேடியவருக்குக் கிடைத்தவை, கண்ணை மூடினால் எழுந்து திறந்தால் அடங்குகிற ஆல்ஃபா அலைகள்.

பொம்மைக்காதும் அவ்வளவுதான் படிக்கிறது. கவனமா, தளர்வா? காதலையோ துக்கத்தையோ அதற்குப் படிக்கத் தெரியாது. இன்னொரு வேடிக்கை: நிஜப்பூனை காதைப் படியவைத்தால் பயத்தில் அல்லது கோபத்தில் இருக்கிறது என்று அர்த்தம், கிட்டப் போகக்கூடாது. நெகோமிமியில் காது சாய்ந்தால் நிம்மதி. பூனையிடமிருந்து காதை வாங்கிக்கொண்டு இலக்கணத்தை நாமே எழுதிக்கொண்டோம்.

நிஜத்தில் நமக்கும் காதை அசைக்கும் தசைகள் உண்டு. பயனற்றுப்போன எச்சங்கள் என்று 1871-இல் டார்வின் எழுதினார். 2020-இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தத் தசைகளில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தார்கள். எந்தப் பக்கத்து ஒலியை ஒருவர் கவனிக்கிறாரோ, அந்தப் பக்கத் தசை மெல்லத் துடித்தது. யாருக்கும் தெரியாமல் நம் காது இன்னும் திரும்பப் பார்க்கிறது! அந்தத் துடிப்பு வெளியே தெரியாமலிருப்பதை நான் இழப்பாக நினைக்கவில்லை. பிடிக்காத விருந்தாளியிடம் முகம் மலர்ந்து ‘வாங்க வாங்க’ என்கிறோம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே போன மனதோடுதான் நான் பள்ளிப்படிப்பை முடித்தேன். காது காட்டிக்கொடுத்திருந்தால் தினமும் பெஞ்சு மேல்தான் நின்றிருப்பேன்.

அது வெறும் கற்பனையில்லை. 2019-இல் சீனாவின் ஜின்ஹுவா நகரில் ஒரு தொடக்கப்பள்ளி, பிள்ளைகளின் தலையில் மூளையலைப் பட்டைகளை மாட்டியது. கவனித்தால் நெற்றியில் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். ஆசிரியரின் கணினிக்கு அளவீடுகள் போயின. காணொளி வெளியே வந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பட்டைகள் கழற்றப்பட்டன. நெகோமிமியில் இருந்த அதே வித்தைதான். ரோமம் மட்டும் இல்லை.

பெர்கரின் கடைசிக் காலத்தை இங்கே நினைத்துக்கொள்கிறேன். மனங்களுக்கு இடையிலான பாலத்தைத் தேடியவர், நாஜி ஆட்சியில் மனநோயாளிகளின் கட்டாயக் கருத்தடை வழக்குகளைத் தீர்மானித்த நீதிமன்றத்தில் உறுப்பினராக உட்கார்ந்தார். அடுத்தவர் மனதை அறியும் ஆசைக்கு இரண்டு முகம் இருக்கிறது. சகோதரியின் முகம் ஒன்று, நீதிபதியின் முகம் இன்னொன்று. கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

விரும்பி மாட்டிக்கொண்டு ஒரு சிநேகிதி தன் காதை ஆட்டிக்காட்டினால் அது பேச்சு. ஆசிரியரோ முதலாளியோ மாட்டிவிட்டால் அது விசாரணை. அதனால் இப்படி ஒரு கருவி சந்தைக்கு வரும்போதெல்லாம் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது எவ்வளவு துல்லியமாகப் படிக்கிறது என்பதல்ல. இதைக் கழற்றிவைக்க எனக்கு உரிமை உண்டா என்பதுதான்.