ஆழத் தண்ணீரில் இறங்கிய ராணுவ லாரிகள்

ராணுவ லாரியை ஆழமான தண்ணீரில் ஓட்டத் தயார்படுத்தும் முறை இரண்டாம் உலகப் போரின் கடற்கரைத் தரையிறக்கங்களில் உருவானது. அதற்கு முன்பும் வண்டிகள் ஓடைகளைக் கடந்தன. ஆனால் முழங்கால் அளவுத் தண்ணீரோடு சரி. கப்பலின் முகப்புக் கதவு வழியாக இறங்கி, மார்பளவு உப்புத் தண்ணீரில், அலைகளுக்கு நடுவே சொந்த என்ஜினின் பலத்தில் கரையேற வேண்டிய கட்டாயம் 1942க்குப் பிறகே பெரிய அளவில் வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று பிரான்சின் தியெப் துறைமுகத்தைத் தாக்கிய சர்ச்சில் டாங்கிகளில் காற்று உள்ளே வரவும் புகை வெளியேறவும் உயரமான தகரக் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன. பின்னாளில் லாரிகளுக்குச் செய்ததும் அடிப்படையில் இதுவே.

லாரிகள் நேராக மணலில் இறங்க முடியாததற்குக் கடற்கரையின் அமைப்பே காரணம். நார்மண்டியில் கரையின் சாய்வு மிகக் குறைவு; டாங்கி ஏற்றி வரும் கப்பல்கள் கரைக்கு வெகு முன்பே தரைதட்டிவிடும். 1943 ஜூலையில் சிசிலியில் இன்னொரு சிக்கலும் தெரிந்தது. கரைக்கு இணையாகக் கடலுக்குள் மணல் திட்டுகள் இருந்தன. கப்பல் திட்டில் தட்டி நிற்கும்போது கதவடியில் தண்ணீர் குறைவாகவே இருக்கும். திட்டைத் தாண்டியதும் கரைக்கு முன்னால் பள்ளம் காத்திருக்கும். ஆகவே, இறங்கும் இடத்தின் ஆழத்தை மட்டும் நம்பி எந்த வண்டியையும் அனுப்ப முடியாது என்றாயிற்று.

பெட்ரோல் லாரியைத் தண்ணீர் பல வழிகளில் நிறுத்தும். டிஸ்ட்ரிபியூட்டர், காயில், ஸ்பார்க் பிளக் ஆகியவை நனைந்தால் பொறி எழாது. காற்று வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால் சேதம் பெரிது: காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது என்பதால், மேலேறும் பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்; கியர் ஆயில் பால் நிறமாகிவிடும். ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரை என்ஜின் முழுவதும் வாரி இறைக்கும். சில நேரம் அதன் இறக்கைகளே வளைந்து ரேடியேட்டரைக் கிழிக்கும்.

இவற்றுக்கெல்லாம் மாற்று தேடும் பணி பிரிட்டனில் வட டெவன் கடற்கரையில், இன்ஸ்டோ, வெஸ்ட்வர்ட் ஹோ பகுதிகளில் நடந்தது. அமெரிக்கர்களின் ஜிஎம்சி இரண்டரை டன் லாரி, டாட்ஜ், ஜீப் என ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிச் செய்முறை வகுக்கப்பட்டது. முக்கியப் பொருள் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்த கிரீஸ். படைவீரர்கள் அதைக் கையால் பிசைந்து மிருதுவாக்கி, வயர் முனைகள், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஆகியவற்றின் மேல் இடைவெளி விடாமல் அப்பினார்கள். ஓரிடத்தில் விரல் நுனி அளவு விட்டுப்போனாலும் அத்தனை உழைப்பும் வீண். கார்புரேட்டருக்கும் சைலன்சருக்கும் நீர்மட்டத்துக்கு மேலே போகும் குழாய்கள் மாட்டப்பட்டன.

பிரிட்டிஷ் படையில் வேலை கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. வண்டி ஓடுவதைப் பாதிக்காத பூச்சுகள் முகாமிலேயே முடிக்கப்பட்டன. அடுத்த பகுதி கப்பலேறும் இடத்துக்கு அருகே. கடைசி அடைப்புகள் கப்பலுக்குள், கரையை நெருங்கும்போது. எல்லாத் துவாரங்களையும் அடைத்த வண்டியை நெடுந்தூரம் ஓட்டினால் என்ஜின் கொதித்துவிடும் என்பதே இந்தப் பிரிவினைக்குக் காரணம். அதே காரணத்தால் கரையேறியவுடன் அடைப்புகளைப் பிரித்தெடுக்கவும் ஓட்டுநர்களுக்கு உத்தரவு இருந்தது.

ஓட்டும் முறையிலும் கண்டிப்பு இருந்தது. தாழ்ந்த கியரில், ஒரே வேகத்தில் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றக் கூடாது, என்ஜினை நிற்கவிடக் கூடாது. அப்படியும் நின்றுபோன வண்டிகளை இழுக்க, மேற்கோபுரம் நீக்கப்பட்ட ஷெர்மன் டாங்கிகள் நார்மண்டிக் கரையில் இருந்தன. அவை சுமார் 9 அடி ஆழம் வரை இறங்கின. நீருக்கடியில் கயிறு மாட்ட அவற்றின் குழுவில் ஒரு முக்குளிப்பவரும் இருந்தார்.

வண்டிக்கு வண்டி கையால் பூசி அடைப்பது எவ்வளவு ஆள்பலத்தைத் தின்னும் என்பதைப் போர் காட்டியது. அதன்பின் வந்த அமெரிக்க ராணுவ வண்டிகளில் நீர்க்காப்பு வடிவமைப்பிலேயே சேர்ந்தது. 1950இல் வந்த எம்38 ஜீப்பில் டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் ஒரே மூடிய பெட்டிக்குள் அமைந்தன. வயர்களுக்கு நீர்புகா உறைகள் வந்தன. தாழ்வாக இருக்கும் பாகங்களின் காற்றுத்துளைகள் மெல்லிய குழாய்களால் மேலே கொண்டுபோகப்பட்டன. ரியோ நிறுவனம் தொடங்கிவைத்த எம்35 இரண்டரை டன் லாரி, எந்தச் சேர்க்கையும் இல்லாமல் 30 அங்குலத் தண்ணீரைக் கடக்கும். உயரக் குழாய்கள் அடங்கிய தொகுப்பை மாட்டினால் 6 அடி. 1960களின் எம்35ஏ2வில் பல எரிபொருள்களில் ஓடும் என்ஜின் இடம்பெற்றது. அது டீசலைப் போல அழுத்தத்தால் எரிவதால் நனைந்து கெட ஸ்பார்க் பிளக்கே இல்லை. பிரிட்டனின் லேண்ட் ரோவரில் ஃபிளைவீல் உறையின் அடியில் ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் அதற்குரிய திருகடைப்பைப் பூட்ட வேண்டும். கரையேறியபின் கழற்றாவிட்டால், கசியும் ஆயில் உள்ளே தேங்கி கிளட்சைக் கெடுக்கும்.

ராணுவம் கழித்த இந்த வண்டிகள் ஏலத்தில் தனியார் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றை மீண்டும் தண்ணீரில் இறக்க விரும்புவோர் செய்யும் வேலை பெரும்பாலும் 1944இன் வரிசைதான். முதலில் ஆக்சில், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றின் காற்றுத்துளைகளில் ரப்பர் குழாய் மாட்டி உயரத்தில் கட்டுவது, பிறகு காற்று உள்ளிழுக்கும் குழாயையும் புகைக்குழாயையும் நிமிர்த்துவது, பேட்டரியை உயர்த்துவது, ஃபிளைவீல் உறைத் துளையை அடைப்பது, ஃபேன் பெல்ட்டைத் தளர்த்துவது. ஆஸ்பெஸ்டாஸ் கிரீஸின் இடத்தில் இப்போது சிலிக்கான் பசை. சுமையில்லாத லாரியின் பின்பக்கத்தைத் தண்ணீர் தூக்கிவிடும் என்பதால் எடை ஏற்றுவதும் வழக்கம்.

கரையேறியபின் செய்யும் வேலையும் குறைவில்லை. பிரேக்கை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்களை உலர்த்த வேண்டும். ஆயில்களைத் திறந்து பார்த்து, பால் நிறம் கண்டால் மாற்ற வேண்டும். சக்கர பேரிங்குகளைப் பிரித்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீரானால் வண்டி முழுவதையும் நல்ல தண்ணீரால் கழுவியாக வேண்டும். எம்35 கையேட்டில் உள்ள 6 அடி என்பது சீல்கள் புதிதாக இருந்த லாரிக்குரிய அளவு. பல ஆண்டுகள் கிடங்கில் நின்று ரப்பர் இறுகிப்போன லாரிக்கு, எல்லா சீல்களையும் மாற்றும் வரை 30 அங்குலமே எல்லை.