துடைப்பம் வாங்கிய அரசாங்கம்

பேராக்கின் ரப்பர் வரலாறு என்றால் 1877, கோலகங்சார், ஹியூ லோ, தோட்டங்கள், லயங்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவோம். ஒரு கேள்வியை மட்டும் விட்டுவிடுவோம். பால் மரம் வெட்டியவருக்குக் கண் போனால், கால் போனால், அப்புறம் அவர் என்ன ஆனார்? லயத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் கையில் இல்லை.

இழப்பீடு வேறு, வேலை வேறு

1952-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1969-இன் சொக்சோ சட்டமும் காயத்துக்குப் பணம் தர வழி செய்தன. அடுத்தது பயிற்சி. மலாயா பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. ஈப்போவில் அதன் கிந்தா பள்ளத்தாக்குப் பட்டறையில் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று ஈப்போ மேரு ராயாவில் சொக்சோவின் மறுவாழ்வு மையமே இருக்கிறது. ஆனால் பாருங்க, கூடை பின்னத் தெரிந்தால் மட்டும் போதுமா? அதை வாங்க ஆள் வேண்டாமா?

1938: இரண்டு கையெழுத்து

இதே கேள்விக்கு அமெரிக்கா ஒரு பதில் சொன்னது. 1938 ஜூன் 25-ஆம் தேதி அதிபர் ரூஸ்வெல்ட் வாக்னர்–ஓடே சட்டத்தில் கையெழுத்திட்டார். அவரே போலியோவால் நடக்க முடியாமல் போனவர். பார்வையற்றோர் செய்யும் துடைப்பம், தரைத் துடைப்பான் போன்றவற்றை மத்திய அரசு அலுவலகங்கள் வாங்கியே ஆக வேண்டும் என்றது அந்தச் சட்டம். எந்தப் பொருள், என்ன நியாய விலை என்பதை ஒரு குழு முடிவு செய்யும். 1971-இல் மற்ற கடும் உடற்குறை உள்ளவர்களுக்கும், சேவைப் பணிகளுக்கும் இது விரிந்தது. மொத்த நேரடி உழைப்பு நேரத்தில் 75 விழுக்காடு அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அதே நாளில் அவர் குறைந்தபட்ச ஊதியம் தரும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். உடற்குறை உள்ளவர்களுக்கு அதற்கும் குறைவாகக் கூலி தரலாம் என்ற விலக்கு அதில் இருந்தது! ஒரு கை வேலை கொடுத்தது, மறு கை கூலியைக் குறைத்தது. இந்தக் கொள்முதல் திட்டத்தின் ஒப்பந்தங்களில் அந்தக் குறைந்த கூலியை நிறுத்த 2022 வரை ஆனது.

நம் நாடு எடுத்த வழி

மலேசியா முதலில் எடுத்தது ஒதுக்கீட்டு வழி. 1988-இல் வந்த சுற்றறிக்கை அரசுப் பணிகளில் 1 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொன்னது. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. ஒதுக்கீடு நல்லதுதான். ஆனால் அது அரசு வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரைத்தான் சேரும். பள்ளிப் படிப்பை முடிக்காமல் சுங்கை சிப்புட்டின் பழைய தோட்டத்தில் வளர்ந்தவருக்கு? பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தேவையான சீருடை, தளவாடம், துப்புரவுப் பணி ஆகியவற்றில் ஒரு பங்கு பட்டறைகளுக்குப் போனால், வேலை அவரைத் தேடி வரும். கூடவே முழுக் கூலியும் வர வேண்டும். 1938 நமக்குச் சொல்வது இதைத்தான்.

நினைவில் கொள்க

• இழப்பீடு: காயத்துக்குப் பணம்.
• ஒதுக்கீடு: அரசுக்குள் இடம்.
• கொள்முதல்: அரசுக்கு வெளியே உருவாகும் வேலை.

உயர்நிலைச் சிந்தனை வினா: ஒதுக்கீடு, கொள்முதல் ஆகிய இரண்டில் உங்கள் வட்டாரத்துக்கு எது அதிகம் பயன் தரும்? காரணத்தோடு எழுதுக. கூலியைப் பற்றி எழுத மறந்துவிடாதீர்கள்.