பட்டியல், பாதை, பெட்டி, நாற்காலி: சேரியிலிருந்து ஒரு தேர்தல் வரலாறு



தேர்தலை நம்பலாமா என்ற கேள்வி இன்று பெரும்பாலும் வாக்குப்பதிவு இயந்திரத்தைச் சுற்றியே எழுப்பப்படுகிறது. அந்தக் கேள்விக்கும் இடமுண்டு. ஆனால் செட்டியார்பட்டி, சேத்தூர், தளவாய்புரம் வட்டாரத்துச் சேரிகளில் மூத்தவர்களிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டால், இயந்திரத்துக்கு முன்பே வேறு நான்கு கேள்விகள் வந்து நிற்கும். என் பெயர் பட்டியலில் இருக்கிறதா? சாவடிக்குப் போகும் பாதையில் யார் நிற்கிறார்கள்? நான் போட்ட ஓட்டு யாருக்கென்று ஊருக்குத் தெரிந்துவிடுமா? நாம் தேர்ந்தெடுத்தவர் நாற்காலியில் உட்கார விடப்படுவாரா?

இந்த நான்கு கேள்விகளின் வரலாற்றைத்தான் இவ்வாண்டு நினைவுரையாக எடுத்துக்கொள்கிறோம். எந்தக் கட்சிக்கு வாக்களிப்பது என்பது இங்கே நம் பேச்சல்ல. வாக்கு என்ற உரிமையைச் சட்டப் புத்தகத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவர யார் துணை நின்றார்கள், இனி யார் நிற்க வேண்டும் என்பதே பேச்சு.

பட்டியல்

வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது யாரோ மேலிருந்து அளித்த கொடை என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. 1919இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது அண்ணல் அம்பேத்கருக்கு வயது 27. சொத்தும் வரியும் வைத்து வாக்குரிமையை அளந்தால் தீண்டப்படாதோர் அரசியலுக்கு வெளியிலேயே நிறுத்தப்படுவார்கள் என்பதே அவர் வாதம். 1930இல் தொடங்கிய வட்டமேசை மாநாடுகளில் அவரோடு அமர்ந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். வயது வந்தோர் வாக்குரிமை இருவரும் சேர்ந்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று. 1932 பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்துக்கு 30 தனி இடங்கள் கிடைத்தன. ஆனால் 1935 சட்டத்தின் கீழ் வாக்கு இன்னமும் சொத்தையும் படிப்பையும் பார்த்தே தரப்பட்டது. நிலமில்லாத கூலிக்காரருக்குப் பிரதிநிதி இருந்தார். அந்தப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு இல்லை.

அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1948இல், அரசியல் நிர்ணய சபைச் செயலகம் நாடெங்கும் வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவிட்டது. 17 கோடிக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதினார்கள். பல பகுதிகளில் உள்ளூர்ச் சங்கங்களும் குடிமக்கள் அமைப்புகளும் விடுபட்ட பெயர்களைக் குறித்துச் செயலகத்துக்குக் கடிதம் எழுதி வழக்காடின. இந்திய ஜனநாயகத்தின் முதல் கட்சி சாராத் தொண்டு அந்தக் கடிதங்கள்தான். அப்படியிருந்தும் வடமாநிலங்களில் பெரும்பாலும், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் முதல் பொதுத்தேர்தலுக்கு முன் நீக்கப்பட்டன. சட்டம் வாக்களித்தவர்களைப் பட்டியல் பறித்துவிட முடியும் என்பதை அன்றே கண்டோம்.

இன்றும் அதே கதை வேறு உருவில் நடக்கிறது. பீகாரில் 2025இல் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலுக்கு வெளியே விடப்பட்ட பெயர்கள் சுமார் 65 லட்சம். யார் பெயர், எதற்காக நீக்கப்பட்டது என்று முதலில் வெளியிடப்படவில்லை. ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கம் போன்ற கட்சி சாரா அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான், ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அதே திருத்தம் 2025 நவம்பர் 4இல் தொடங்கியது. நம் பகுதியின் நிலையை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வேலைக்குப் போனவர் வீடு பூட்டியிருக்கும். மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். பருத்திக்கும் கரும்புக்கும் கூலிக்குப் போனவர் பொழுது சாய்ந்தே வருவார். வாக்குச்சாவடி நிலை அலுவலர் வந்து கதவைத் தட்டும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள்தான். கெட்ட நோக்கம் ஒன்றும் தேவையில்லை; பூட்டிய கதவே போதும், பெயர் போய்விடும்.

பாதை

இரண்டாவது கேள்விக்கான விலையைத் தென்மாவட்டங்கள் இரத்தத்தில் கொடுத்திருக்கின்றன. 1957 பொதுத்தேர்தலில் உ. முத்துராமலிங்கத் தேவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியிலும் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். மக்களவை இடத்தை வைத்துக்கொண்டு சட்டமன்ற இடத்தைத் துறந்தார். அதனால் அவ்வாண்டு ஜூலையில் முதுகுளத்தூரில் இடைத்தேர்தல் வந்தது. எந்தச் சாதி எந்தக் கட்சிக்கு வாக்களித்தது என்ற பேச்சு தேர்தல் முடிந்ததும் பகையாக முற்றியது. செப்டம்பர் 10இல் அமைதிக் கூட்டம் நடந்தது. மறுநாள் இரவு பரமக்குடியில் தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அவருக்கு அப்போது வயது 32. விருப்பப்படி வாக்களிப்பதும் சமமாக உட்கார்ந்து பேசுவதும் ஒரே உரிமையின் இரண்டு பக்கம் என்பதை அந்த ஆண்டு நமக்குக் கற்பித்தது.

73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும் 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சித் தலைவர் பதவியில் தனி இடத்தைக் கொண்டுவந்தன. 1996இல் முதல் தேர்தல். மதுரை மாவட்டம் மேலவளவில் தேர்தல் மீண்டும் மீண்டும் தடைபட்டு, காவல் பாதுகாப்போடு நடந்ததில் முருகேசன் தலைவரானார். அலுவலகத்துக்குள் நுழைய முடியாத தலைவராகவே அவர் இருந்தார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்த ஐவரையும் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். வழக்கை விடாமல் பிடித்து நடத்தியவர்களில் வழக்கறிஞர் பொ. இரத்தினத்தின் பெயரை நாம் மறக்க முடியாது. 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். நான்காவது ஊரான கொட்டக்கச்சியேந்தல் நம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நம் மாணவர்களே பலர் அறியவில்லை. இந்த நான்கு ஊர்களிலும் 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தலைவர் பதவி நிலைக்கவில்லை. தேர்தல் அறிவிப்பார்கள்; மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது. ஆள் வந்தால், ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஆளாக இருப்பார். வென்று பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுப்பார். பெட்டி வந்தது, மை வைத்தார்கள், எண்ணினார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். விதிப்படி எல்லாம் நடந்தும் தேர்தல் என்ற ஒன்று நடக்கவில்லை.

2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவியில் நிலைத்தார்கள். அரசு உறுதியாக நின்றது. மதுரை ஆட்சியர் உதயச்சந்திரன் ஊருக்குள் போய்த் திரும்பத் திரும்பப் பேசினார். இதை நாம் மனமாரச் சொல்வோம். ஆனால் அந்தப் பத்தாண்டும் இந்த ஊர்களின் பெயரைச் செய்தியிலிருந்து மறைய விடாமல் வைத்திருந்தவர்கள் யார்? தலித் இயக்கங்கள், இடதுசாரிகள், மனித உரிமை அமைப்புகள், உண்மை அறியும் குழுக்கள், மதுரையிலிருந்து பேருந்து ஏறிப் போன வழக்கறிஞர்கள், மாணவர்கள். அவர்கள் விட்டிருந்தால் அரசு எப்போதோ கோப்பை மூடியிருக்கும்.

பெட்டி

மூன்றாவது கேள்வி இரகசியம். வாக்கு இரகசியமானது என்று சட்டம் சொல்கிறது. தனி ஆளின் வாக்கைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை. சேரியின் வாக்கைப் பொறுத்தவரை உண்மையில்லை. வாக்குகளைச் சாவடி வாரியாக எண்ணி, சாவடி வாரியாகவே வெளியிடுகிறார்கள். ஒரு காலனிக்கு ஒரு சாவடி என்றால், அந்தக் காலனி யாருக்கு எத்தனை வாக்கு போட்டது என்பது எண்ணி முடித்த அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். பிறகு குடிதண்ணீர்க் குழாய் வருமா, கூலிக்குக் கூப்பிடுவார்களா என்பதெல்லாம் அந்தக் கணக்கைப் பார்த்து முடிவாகலாம்.

வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு வாய்ப்பிருக்கும் இடங்களில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 14 இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை 2015இல் அதைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. எண்ணிக்கை நேர்மையாக நடந்ததா என்று சோதிக்கச் சாவடி வாரிக் கணக்கு வேண்டும். வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்குத் தரப்படும் 17சி படிவம் அதற்கான ஆயுதம். ஆனால் யார் வாக்களித்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டுவது வேறு. யாருக்கு வாக்களித்தார்கள் என்பதைத் தெருவாரியாகக் காட்டுவது வேறு. முன்னது திறந்திருக்க வேண்டும். பின்னது சேரியைக் காட்டிக்கொடுக்காத வழியில் இருக்க வேண்டும். இயந்திரத்தின் நம்பகத்தன்மை குறித்து நாடெங்கும் விவாதம் நடக்கிறது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 சாவடிகளின் விவிபாட் சீட்டுகளை எண்ணிச் சரிபார்க்கும் முறையும் 2019 முதல் இருக்கிறது. சேரியின் இரகசியத்துக்காக அப்படியொரு விவாதம் நடக்கவில்லை. அதை நாம்தான் தொடங்க வேண்டும்.

நாற்காலி

நான்காவது கேள்வி தேர்தல் நாளோடு முடியாது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரான தலித் பெண் சுதந்திர நாளில் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டு நிறைந்த வேளையில் எழுதப்பட்ட கடிதம் அது.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த நான்கு கேள்விகளையும் தொடுகிறது. வாக்களிக்க விடாமல் மிரட்டுவது, மனுத் தாக்கலைத் தடுப்பது, ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்ய விடாமல் தடுப்பது, இன்னாருக்கு வாக்களித்ததற்காகத் தாக்குவது அல்லது ஊர்விலக்கம் செய்வது எல்லாம் அதில் குற்றம். சட்டம் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்லவும் புகார் எழுதவும் சாட்சியாக நிற்கவும் தெருவில் ஆள் வேண்டும்.

யார் அந்த ஆள்?

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் ஜான்ஸ் தீவு என்று ஓர் ஊர். அங்கே கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்ய எழுத்தறிவுத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 1957 ஜனவரியில், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் செப்டிமா கிளார்க், ஈசா ஜென்கின்ஸ், பெர்னிஸ் ராபின்சன் ஆகியோர் ஒரு வகுப்பைத் தொடங்கினார்கள். முன்னால் மளிகை வியாபாரம். பின்னால் பெயர் எழுதவும் அரசியல் சட்டம் படிக்கவும் பாடம். பாடம் நடத்திய ராபின்சன் முடி அலங்காரத் தொழிலாளி. வெள்ளைக்கார முதலாளியை நம்பிப் பிழைக்காததால் அவரை யாரும் வேலையைவிட்டு நீக்க முடியாது. அந்த வகுப்புகள் குடியுரிமைப் பள்ளிகளாகத் தென்மாநிலங்களெங்கும் பரவின. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது, அதைப் பயன்படுத்தப் பழகிய மக்கள் தயாராக இருந்தார்கள்.

அதே 1957 நமக்கு முதுகுளத்தூர் ஆண்டு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். வாக்களிக்கத் துணிந்தவர்களைச் சுற்றி ஒரு பள்ளி இருந்தால் என்ன ஆகும், இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது விளங்கும்.

கட்சி சாராமை என்ற சொல்லைப் பற்றியும் தெளிவு வேண்டும். கட்சிகளில் இருக்கும் நம் தோழர்களைக் குறை சொல்வதற்காக இதைப் பேசவில்லை. வாக்குச்சாவடிக்குள் உட்காரும் முகவர் கட்சியிலிருந்தோ வேட்பாளரிடமிருந்தோதான் வர முடியும். அவர் வேலை தேவையான வேலை. ஆனால் பட்டியலில் விடுபட்ட ஒருத்தியின் பெயரைச் சேர்க்கப் போகிறவர், அவள் யாருக்குப் போடுவாள் என்று கேட்கக் கூடாது. கேட்டால் அவள் இன்னொரு மேஸ்திரிக்குக் கட்டுப்பட்டவளாகிவிடுவாள். கட்சிகளுக்கு நடுவே பக்கம் சேராமல் நிற்கலாம். சாதியும் சமத்துவமும் எதிரெதிரே நிற்கும்போது நடுவில் நிற்க இடமில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்தான் நமக்கு வேண்டிய தொண்டர்.

வேலை என்னவென்றும் சொல்லிவிடுகிறோம். வரைவுப் பட்டியல் வந்ததும் தெருத்தெருவாக உரக்க வாசிப்பது. விடுபட்டவருக்கு 6ஆம் படிவம் நிரப்பித் தருவது. 7ஆம் படிவம் மூலம் யார் பெயரை நீக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று கவனிப்பது. வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை என்பதையும், பெயர் இருந்தால் நூறு நாள் வேலை அட்டையே அடையாளத்துக்குப் போதும் என்பதையும் சொல்லிவைப்பது. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தினக்கூலிக்கும் உண்டு என்று மில்லிலும் தையற்கூடத்திலும் தெரியப்படுத்துவது. தன் பெயரில் வேறொருவர் வாக்களித்துப் போயிருந்தால் அழுதுகொண்டு திரும்பாமல், 49பி விதியின்படி ஆய்வுக்குரிய வாக்கைக் கேட்டு வாங்கச் சொல்வது. மிரட்டலுக்கு ஆளாகும் தெருக்களைக் குறித்துத் தேர்தல் அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் தருவது. அத்தகைய தெருக்களை அடையாளம் காண்பது ஆணையத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. தேர்தலுக்குப் பிறகு கிராமசபைக்கும் மன்றக் கூட்டத்துக்கும் போய், நாம் தேர்ந்தெடுத்தவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்பது.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு தெருவுக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், ஆளுக்கு ஒரு பட்டியல் நகல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 2025 ஜனவரி 5இல் நம் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தேர்தலே நடக்காத காலத்திலும் தொண்டருக்கு வேலை உண்டு: ஏன் நடக்கவில்லை என்று எழுதிக் கேட்பது.

தேர்தலை நம்புங்கள் என்று நம் மக்களிடம் யாரும் கட்டளையிட வேண்டாம். பெயர் இருக்கிறது, வழி இருக்கிறது, இரகசியம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டட்டும். நம்பிக்கை அதன் பின்னே வரும். காட்டும் பொறுப்பு அரசுடையது. அரசு காட்டுகிறதா என்று பார்க்கும் பொறுப்பு இந்த அரங்கில் இருக்கும் நம்முடையது. அடுத்த வரைவுப் பட்டியல் வெளியாகும் நாளில், உங்கள் தெருவின் பக்கத்தை எடுத்து முதல் பெயரிலிருந்து வாசிக்கத் தொடங்குங்கள்.

ஜெய்பீம்.