ஏலமலை அடிவாரமும் அயல்நாட்டுப் படிப்பும்: பிணையின் வரலாறு

அயல்நாட்டுக்குப் படிக்கப் போகிறவரைப் பற்றிப் பேச்செடுத்தால் மதிப்பெண், நுழைவுத் தேர்வு, விசா என்றுதான் விசாரிக்கிறோம். அவருக்கு ஜாமீன் நின்றது யார் என்று கேட்பதில்லை. போடிநாயக்கனூரை அடுத்த ராசிங்காபுரம் போன்ற ஏலமலை அடிவார ஊர்களிலிருந்து பார்த்தால், அயல்நாட்டு உயர்கல்வியின் வரலாறே பிணை கைமாறிய வரலாறுதான்.

1914 மார்ச்சில் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் 50 பவுன் இங்கிருந்த குடும்பத்துக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டு அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது பரோடா மன்னர் தந்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையில். திரும்பி வந்து பத்தாண்டு சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார். ஒருவருக்குப் பல்கலைக்கழகமும் மற்றவருக்கு அரசரும் பின்னால் நின்றார்கள். இருவர் வீட்டிலும் யாரும் அடமானப் பத்திரம் எழுதவில்லை. 1954-55இல் ஒன்றிய அரசு தொடங்கிய தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் இதே வழியில் வந்தது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே.

பெரிய திருப்பம் 2001இல் நேர்ந்தது. இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம் உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், அயல்நாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் ரூபாய் என வரம்பு வைத்தது. 4 லட்சம் வரை பிணை தேவைப்படவில்லை, அதைத் தாண்டினால் தேவைப்பட்டது. அயல்நாட்டுச் செலவு பெரும்பாலும் அந்த எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், மாணவரின் தகுதியோடு குடும்பத்தின் நிலமும் எடைபோடப்பட்டது. மதிப்பெண் பட்டியலுக்குப் பக்கத்தில் மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று ஆகியவையும் வந்து சேர்ந்தன. நூறாண்டுக்கு மேற்பட்ட இந்த வரலாற்றின் மாற்றங்களில் இதைப் போல ஆழமானது வேறில்லை என்பது என் கணிப்பு. படிக்கத் தகுதியுள்ளவர் யார் என்பதை நிலம் முடிவு செய்யத் தொடங்கியது.

இதில் அதிகம் எழுதப்படாத ஒரு பக்கம் உண்டு. 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. ஆகவே பாகப்பிரிவினை ஆகாத பூர்வீக நிலத்தை வங்கியில் வைக்க, உரிமையுள்ள சகோதரியின் கையெழுத்தையும் வங்கி கேட்கும். அண்ணன் அயல்நாடு போகத் தங்கையின் பங்கும் ஈடாகிறது. அவள் படிப்புக்கு அதே நிலத்தை மறுபடி வைக்கும் முறை வரும்போது, பத்திரம் பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். கல்விக்கடன் பற்றிய ஆய்வுகள் கடன்தொகையைக் கணக்கெடுக்கும் அளவுக்கு இந்தக் கையெழுத்துகளையும் கணக்கெடுக்க வேண்டும்.

மேலே மலையில் நிலம் வைத்திருப்பவர்களின் சிக்கல் வேறு. கேரளப் பக்கத்து ஏலமலைக் காட்டில் பல தோட்டங்கள் ஏலப் பயிருக்கான குத்தகையில் இருப்பவை. விளைச்சல் எவ்வளவு வந்தாலும் அடமானத்துக்கு அந்த நிலம் பட்டா நிலத்துக்கு ஈடாகாது. வருமானமும் நிலையாக நிற்பதில்லை. 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏலச் சந்தையில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022 தொடக்கத்தில் சராசரியாக ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. கல்லூரிக் கட்டணமோ டாலரில். 2001இல் ஏறத்தாழ 47 ரூபாயாக இருந்த டாலர் 2024இல் 84 ரூபாயை எட்டியது. ஏலக்காய் விலை நல்ல ஆண்டில் கொடுத்த துணிச்சலில் வாங்கிய கடனுக்கு, விலை சரிந்த ஆண்டில் வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.

2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டபோது அங்கே படித்த தமிழ்நாட்டு மாணவர் ஏறத்தாழ 1,900 பேர் ஊர் திரும்பினார்கள். அவர்களை அழைத்து வந்தது அரசு. கடனை ஏற்கெனவே வாங்கியிருந்த குடும்பங்களின் மீது சுமை அப்படியே இருந்தது. பிணை எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு இல்லை.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இன்றும் பெரும்பாலும் அரசுதான் வழி. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இது பெரிய முன்னேற்றம். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை பட்டியல் சாதியினரோடு நிலமற்ற வேளாண் கூலிகளின் பிள்ளைகளுக்கும் உரியது. ஆனால் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்கு அது கிடையாது என்று 2022இல் விதி வந்தது. ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுக்கும் தாயின் மகள் அயல்நாட்டில் பொறியியல் படிக்க அதைக் கேட்கலாம். ஏலத்தோட்டக் கூலியின் வரலாற்றை ஆராயக் கேட்க முடியாது. இந்த விதி நீக்கப்பட வேண்டும்.