வாஞ்சியின் துப்பாக்கிப் பிடி என்ன நிறம்?

வாஞ்சிநாதன் கையில் இருந்த துப்பாக்கிக்கு மரப்பிடி கிடையாது. இதைச் சொன்னால் எங்கள் விளாத்திகுளம் பக்கத்தில் பலர் ஏற்க மறுக்கிறார்கள். பள்ளி நாடகமோ, சுதந்திர தின ஊர்வல வண்டியோ, ஃபிளெக்ஸ் பேனரோ, எதில் பார்த்தாலும் அவர் பிடித்திருப்பது செக்கச் சிவந்த மரப்பிடி போட்ட ரிவால்வர்தான். கலெக்டர் ஆஷை அவர் சுட்ட மணியாச்சி இதே மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே நடந்ததை எங்களைவிட யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு எல்லோருக்கும் உண்டு.

ஒரு பள்ளி நாடகத்துக்காக மரத்தில் டம்மித் துப்பாக்கி செய்யச் சொல்லியிருந்தார்கள். செய்து முடித்த ஆசாரி என்னிடம் கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க பழைய பேப்பரெல்லாம் பாக்குறவுக. பிடிக்கு என்ன கலர் அடிக்கணும்? நோட்டீசுல செவப்பா இருக்கு. சார்வாள் காப்பிக் கலர்ங்காரு.” நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் எழும்பூர் ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியதாயிற்று.

முதலில் அந்த நோட்டீஸ் படத்தைப் பார்த்தேன். எட்டுப் பட்டை குழல், அதன் அடியில் குண்டை இடித்து இறக்கும் நெம்புகோல், பித்தளை விசைக்காப்பு, சுழலும் உருளையில் கப்பல் சண்டைச் சித்திரம். துப்பாக்கி பற்றி ஓரளவு படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: சாமுவேல் கோல்ட்டின் 1851 ‘நேவி’ ரிவால்வர். உருளையில் செதுக்கியிருப்பது 1843-இல் டெக்சாஸ் கடற்படை மெக்சிகோவோடு மோதிய காட்சி. தூத்துக்குடியில் வ.உ.சி. கப்பல் விட்ட கதைக்கும் அந்தக் கப்பல்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

படத்தைப் பெரிதாக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. குழலின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ‘பிளாக் பவுடர் ஒன்லி’ என்று முத்திரை. 1851-இல் கைத்துப்பாக்கிக்குப் போட்டதே கருமருந்துதான். புகையில்லா வெடிமருந்தை பிரான்சில் பால் வியெய் கண்டுபிடித்தது 1884-இல். அப்படியானால் ‘கருமருந்து மட்டும்’ என்று 1851-இல் யார் எச்சரித்திருப்பார்கள்? நோட்டீசில் இருந்தது பழைய துப்பாக்கியே அல்ல, அதைப் பார்த்து இத்தாலியில் செய்த நகல்.

இந்த நகல்களின் கதை தனி. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961-இல் வரவிருந்தது. பழைய போர்களை நடித்துக் காட்டும் கூட்டத்துக்குக் கைத்துப்பாக்கி தேவைப்பட்டது. அசல் கோல்ட்டுகளுக்கோ யானை விலை. வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்க வியாபாரி இத்தாலியின் பிரேஷியா பக்கத்துத் துப்பாக்கிப் பட்டறைகளை அணுகினார். அங்கே வால் டிராம்பியா பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழில் நடக்கிறது. ஆல்டோ உபெர்டி 1959-இல் தொடங்கிய பட்டறை அப்படி நகல் செய்தே பேர் வாங்கியது. பியெட்டா என்ற இன்னொரு நிறுவனமும் அதே வட்டாரம்தான்.

நகலுக்கும் அசலுக்கும் வித்தியாசம் இரும்பில் அதிகம் தெரியாது, மரத்தில் தெரியும். அசல் கோல்ட்டின் பிடி அமெரிக்கக் கருவால்நட். பொதுமக்களுக்கு விற்றவற்றில் வார்னிஷ் பூசியிருப்பார்கள், ராணுவத்துக்குப் போனவற்றில் வெறும் எண்ணெய்ப் பூச்சு. கைபட்டுக் கைபட்டு நாளடைவில் அது கருஞ்சாக்லேட் நிறத்துக்கு வந்துவிடும். இத்தாலியர்கள் எடுப்பது ஐரோப்பிய வால்நட். அது வெளிறியது. அதை மறைக்கச் சிவப்புச் சாயம் கலந்த பளபள வார்னிஷ் ஏற்றுகிறார்கள். ரேகையெல்லாம் அதற்குள் மூழ்கிப் போகும். நகல் வாங்குகிற பல மேலைநாட்டுக்காரர்கள் முதலில் செய்கிற காரியம், அந்த வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு லின்சீட் ஆயில் தேய்ப்பதுதான். எங்கள் நோட்டீசில் இருந்தது சுரண்டப்படாத புதுச் சரக்கு.

ஆக, அமெரிக்க அசல், இத்தாலிய நகல், சாய வார்னிஷ்! வாஞ்சியிடம் வந்து சேர்ந்த சிவப்பு இப்படிப்பட்டது. இது தவறு என்று தெரிந்தால் போதாது, எது சரி என்று தெரிய வேண்டும்.

சம்பவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1911 ஜூன் 17. திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் மனைவியோடு கொடைக்கானல் போகக் கிளம்பினார். மணியாச்சியில் தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார். செங்கோட்டைக்காரரும் புனலூரில் வனத்துறையில் வேலை பார்த்தவருமான வாஞ்சி பெட்டிக்குள் ஏறிச் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தன்னையே சுட்டுக்கொண்டார். சட்டைப்பையில் கடிதம் இருந்தது. அந்தக் கடிதத்தின் வாசகத்தைப் பற்றி நூறு வருஷமாக எழுதுகிறார்கள். கையில் இருந்த இரும்பைப் பற்றி எழுதுவதற்கு ஆளில்லை.

ஆவணங்களில் நான் முதலில் புரட்டியது வழக்கின் தீர்ப்பு. நீலகண்ட பிரம்மச்சாரியை முதல் எதிரியாக வைத்து பதினான்கு பேர் மீது நடந்த வழக்கு. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆர்னால்டு ஒயிட், அய்லிங், சங்கரன் நாயர் என்று மூன்று நீதிபதிகள் கேட்டார்கள். 1912-இல் தீர்ப்பு வந்தது. இந்தியச் சட்ட அறிக்கைகளின் மெட்ராஸ் வரிசை 35-ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. சங்கரன் நாயரின் மாறுபட்ட தீர்ப்பு ஒன்றுக்காகவே அதைப் படிக்கலாம். ஆனால் நீதிபதிகளுக்குக் கவலை சதி எங்கே தொடங்கியது, யார் யார் ரத்தத்தில் கைநாட்டு வைத்தார்கள் என்பதைப் பற்றி. பிடியின் நிறம் அவர்களுக்கு எதற்கு?

அடுத்தது 1918-இல் வந்த ராஜத் துரோகக் குழு அறிக்கை. ரௌலட் அறிக்கை என்றால் சட்டென்று தெரியும். அதில் மெட்ராஸ் அத்தியாயத்தைவிட பம்பாய் அத்தியாயம் எனக்கு அதிகம் உதவியது. லண்டனில் இருந்த சாவர்க்கர் 1909-இல் இருபது பிரவுனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளை வாங்கி, சதுர்புஜ் அமீன் என்பவரின் பெட்டியில் கள்ள அடிப்பலகைக்குக் கீழே வைத்து இந்தியாவுக்கு அனுப்பிய விவரம் அங்கே இருக்கிறது. அதே 1909 டிசம்பர் 21-ஆம் தேதி நாசிக்கில் நாடகம் பார்க்கப் போன கலெக்டர் ஜாக்சனைக் கன்ஹரே சுட்டுக் கொன்றதும் பிரவுனிங்கால்தான். அந்த வருஷங்களில் ரகசியக் கூட்டத்தாரின் கைக்கு வந்த துப்பாக்கி எது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆஷ் வழக்கை ஆராய்ந்தவர்களும் வாஞ்சியிடம் கிடைத்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் என்றுதான் பதிவு செய்கிறார்கள். அந்தக் காலப் பத்திரிகைகள் எந்தக் கைத்துப்பாக்கியையும் ‘ரிவால்வர்’ என்று எழுதத் தயங்கவில்லை. நாடகக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

பெல்ஜியம் பிரவுனிங் என்று பேர் கிடைத்ததுமே நிறத்தை நெருங்கிவிடலாம். ஜான் பிரவுனிங் அமெரிக்கர். அவருடைய வடிவமைப்பை வாங்கிச் செய்தது லீஜ் நகரத்துக்கு அருகே ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை. 1911-க்குள் அங்கிருந்து சந்தைக்கு வந்த முக்கியமான மாதிரிகள் மூன்று. 1900 மாதிரி 7.65 மில்லிமீட்டர். 1903 மாதிரி 9 மில்லிமீட்டர், சற்றுப் பெரியது. 1906 மாதிரி 6.35 மில்லிமீட்டர், வேட்டி மடிப்பில் ஒளித்துவிடலாம். 1904-இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிக்கோவைச் சுட்டதும் 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டதும் 1900 மாதிரிகள்தான். மூன்றில் எது மணியாச்சிக்கு வந்திருந்தாலும் என் கேள்விக்கு விடை ஒன்றே. மூன்றுக்கும் தொழிற்சாலை வழக்கமாகப் போட்டு அனுப்பிய பிடித்தகடு கறுப்பு எபோனைட். ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து வேகவைத்து இறுக்கிய பொருள் அது. பழைய ஃபவுண்டன் பேனாவின் உடம்பு செய்கிற அதே சரக்கு.

ஏன் மரம் இல்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கோல்ட் ரிவால்வரில் குண்டுகள் இருப்பது நடுவில் சுழலும் உருளையில். பிடிக்குள் சட்டத்துக்கு நடுவே ஒரே மரக்கட்டையைக் குடைந்து மாட்டலாம், கைக்கு நிரம்பக் கிடைக்கும். பிரவுனிங்கில் குண்டுகள் இருப்பதே பிடிக்குள். கைப்பிடி என்பது உள்ளே பொள்ளலான ஓர் இரும்புக் கூடு. அதில் தோட்டா அடுக்கிய மேகசினைக் கீழிருந்து செருகுகிறார்கள். மரக்கட்டை இருக்க வேண்டிய இடத்தில் தோட்டா உட்கார்ந்திருக்கிறது. மிச்சமிருப்பது இரண்டு பக்கமும் ஒட்டவேண்டிய மெல்லிய தகடுதான். அதை மரத்தில் இழைத்து, உள்ளங்கை வழுக்காமல் கட்டம் வெட்டி, எண்ணெய் தேய்ப்பதற்குப் பதிலாகச் சூடான அச்சில் ரப்பரை அமுக்கினால் கட்டமும் நிறுவன முத்திரையும் சேர்ந்தே விழுந்துவிடும். ஈரத்தில் ஊதாது. லட்சக்கணக்கில் செய்கிற தொழிற்சாலைக்கு வேறென்ன வேண்டும்? முதலில் வந்த 1900 மாதிரிகளின் தகட்டில் எஃப்.என். எழுத்துக்கு மேலே அதே துப்பாக்கியின் சின்ன உருவத்தையும் பதித்திருப்பார்கள்.

பழைய பிரவுனிங் படங்கள் சிலவற்றில் பிடி பழுப்பாகத் தெரியும். அதைக் காட்டி “பாருங்க, மரம்தானே” என்றார் ஒரு நண்பர். எபோனைட் வெயிலும் வெளிச்சமும் பட்டால் கறுப்பை இழந்து காப்பிப்பொடி நிறத்துக்குப் போகும். மேலே இருக்கிற கந்தகம் காற்றோடு சேர்வதால் வரும் மாற்றம் அது. நனைந்த விரலால் அழுத்தித் தேய்த்தால் கந்தக நெடி அடிக்கும், மரத்தில் அடிக்காது. முத்திரை எழுத்தின் பள்ளத்துக்குள் வெளிச்சம் அதிகம் படாததால் அங்கே கறுப்பு மிச்சம் இருக்கும். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகு நண்பர் அந்தப் பள்ளத்துக் கறுப்பை ஒப்புக்கொண்டார்.

ஆசாரிக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மரப்பிடி போட்ட துப்பாக்கி எங்கள் கரிசல் மண்ணுக்கு அந்நியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வாஞ்சிக்கு நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் பாஞ்சாலங்குறிச்சியில் இருந்ததெல்லாம் மரம்தான். 1801 முற்றுகையில் கும்பினிப் படையோடு வந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் அச்சிட்ட தன் நினைவுக் குறிப்புகளில் பாளையக்காரர் படையைக் கண்ணால் பார்த்தவராக எழுதுகிறார். நெடிய ஈட்டிகளும் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகளும் அவர்களுடைய ஆயுதங்கள். கோட்டை 1801 மே 24-ஆம் தேதி விழுந்தது. அந்த வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. 1878 ஆயுதச் சட்டம் மிச்சத்தையும் வழித்தெடுத்தது. கட்டபொம்மன், அவர் தம்பி ஊமைத்துரை இருவரின் ஆட்களும் தோளில் சாத்திய கட்டைகள் என்ன மரம் என்று கேட்டால் நேரடியாகக் காட்ட ஊரில் பொருள் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

மரத்தைப் பற்றிய சாட்சி துப்பாக்கிப் புத்தகத்தில் இல்லை, காட்டிலாகாப் புத்தகத்தில் இருந்தது. ஜே. எஸ். கேம்பிள் 1881-இல் எழுதி 1902-இல் திருத்திய இந்திய மரங்களின் கையேடு. அதில் பூவரசைப் பற்றிச் சொல்லும்போது தென்னிந்தியாவில் துப்பாக்கிக் கட்டைக்கும் படகுக்கும் வண்டிக்கும் பயன்படுவதாகக் குறிக்கிறார். வைப்பாற்றங்கரையில் வீட்டுக்கு வீடு நிற்கிற பூவரசு! பீப்பி ஊதிய இலை, அம்மன் கோயில் நிழல், இதற்கு மேல் அந்த மரத்தை நாங்கள் யோசித்ததில்லை.

ஆசாரியிடம் சொன்னதும் பட்டறை மூலையில் கிடந்த ஒரு பூவரசங்கட்டையை எடுத்து அறுத்தார். வெளிச்சதை வெளிறிய மஞ்சள். உள்ளே வைரம் கருஞ்சிவப்பு, நடுவில் சாக்லேட் ரேகை. அறுத்த சூட்டில் லேசாக ரோஜா வாசனை. இழைப்புளி ஓட்டி, உப்புக் காகிதம் போட்டு, துணியில் தோய்த்த லின்சீட் ஆயிலை ஒரு தடவை தேய்த்தார். சாயம் எதுவும் இல்லாமலே இத்தாலிக்காரன் வார்னிஷில் தேடிய சிவப்பு அந்தக் கட்டையில் இருந்தது. அமெரிக்கக் கருவால்நட்டின் ஆழமும் கிட்டத்தட்ட வந்துவிட்டது. “இதுக்கு எதுக்கு அண்ணாச்சி பெயிண்டு?” என்றார். அந்தக் கட்டையை அவர் அடுத்த வருஷ ஊமைத்துரை நாடகத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டார். வாஞ்சிக்குச் செய்த டம்மியில் உருளையைச் செதுக்கித் தள்ளி, பிடியைத் தட்டையாக்கி, கறுப்பு எனாமல் அடித்துக் கொடுத்தார். மேடையில் பார்த்தவர்களில் சிலருக்குப் பொம்மை மாதிரி இருந்ததாம். கறுப்பு எடுபடவில்லையாம். எடுபடாததுதான் உண்மை. சட்டைப்பைக்குள் கண்ணில் படாமல் இருப்பதற்காகவே செய்த சாமான் அது.

இனி சிலை வடிப்பவர்களுக்கும் நாடகம் போடுகிற ஆசிரியர்களுக்கும் குறும்படம் எடுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். வாஞ்சிக்கு உருளை இல்லாத, தட்டையான, கறுப்புப் பிடி போட்ட பிரவுனிங்கைக் கொடுங்கள். மரம் வேண்டுமென்றால் பாஞ்சாலங்குறிச்சிக் கதையில் பூவரசுக்கு இடம் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பழைய ஜமீன் வீட்டு மச்சிலோ துப்பாக்கிக் கட்டையோ உடைந்த பிடியோ கிடந்தால் வார்னிஷ் அடித்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள், பழைய பூச்சு போனால் மரத்தின் வயதைச் சொல்ல இருக்கிற சாட்சியும் போய்விடும். உரிமம் இல்லாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். காவல் நிலையத்தில் தெரிவித்து, மாவட்ட அரசு அருங்காட்சியகத்தாரை வந்து பார்க்கச் சொல்லுங்கள்.